ஹோமில் விட்ட மாமியாருக்குப் படுக்கைப் புண் – வடசென்னையில் யாரிடம் புகார் கொடுப்பது?

கொருக்குப்பேட்டை மருமகள்
எல்லோருக்கும் வணக்கம். மாதவரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் என் மாமியாரைச் சேர்த்திருந்தோம். வயது 76, பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டது. மாதம் 14,000 ரூபாய், டயப்பர், மாத்திரை தனி. ஆடித் திருவிழாவுக்கு வீட்டுக்கு அழைத்து வந்து, குளிப்பாட்டத் திருப்பிப் படுக்க வைத்தபோதுதான் பார்த்தேன், இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தில் கட்டைவிரல் உள்ளே போகிற அளவுக்குப் பள்ளம், சுற்றிலும் கறுத்துப் போய், அதன்மேல் முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். தலை முழுக்கப் பேன். நகத்துக்குள் மலம். ஹோமுக்குப் போன் போட்டால் மேனேஜர், "வயசானவங்களுக்கு அப்படித்தாம்மா வரும், சுகர் வேற இருக்குல்ல" என்கிறார். மாமியாருக்கு சுகரே கிடையாது.

இப்போது அரசு மருத்துவமனையில் சேர்த்து தினமும் டிரஸ்ஸிங் நடக்கிறது. என் வீட்டுக்காரர் "ஆளைக் கூட்டிட்டு வந்தாச்சு, விடு, எதுக்கு வம்பு" என்கிறார். எனக்கு விட மனசில்லை. அந்த ஹோமில் மாமியாருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா இருக்கிறார், நான் போகும்போதெல்லாம் முந்தானையைப் பிடித்துத் தண்ணீர் கேட்பார். அவரைப் பார்க்க யாரும் வந்து நான் பார்த்ததே இல்லை. புகார் கொடுப்பதென்றால் எங்கே போகணும்? போலீஸா, கார்ப்பரேஷனா, கலெக்டர் ஆபீஸா?

காசிமேட்டுக்காரன்
ஹோம் பேரைச் சொல்லுங்கக்கா. நாளைக்கே நாலு பேர் போய் கேட்டுடலாம்.

மட்டுறுத்துநர்
இல்லத்தின் பெயரோ நடத்துபவர் பெயரோ இங்கே வேண்டாம். எழுத்துப் புகாரில் போடுங்கள், அங்கேதான் அதற்கு வேலை. நாலு பேர் போய் கேட்கிற வேலையும் வேண்டாம் தம்பி, பிறகு உங்கள் மேல்தான் கேஸ் வரும்.

சிஸ்டரம்மா
நான் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதலில் புண்ணைப் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. போனில் தேதி பதிவாகும். டாக்டரிடம் "புண்ணின் அளவு, எந்த நிலை, வரும்போதே இருந்தது" என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். வரும்போதே இருந்தது என்பது இல்லாவிட்டால், நாளைக்கு ஹோம்காரர்கள் ஆஸ்பத்திரியில் வந்த புண் என்று சுலபமாகக் கை கழுவிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அது வருகிறதா என்று பாருங்கள்.

படுக்கைப் புண் என்பது வயதால் வருவது இல்லை. எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் தோல் நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுபோவதால் வருவது. வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், இந்த மூன்று இடம்தான் முதலில். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அந்த இடம் மட்டும் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும், விரலால் அழுத்தி எடுத்தாலும் நிறம் மாறாது. அந்தக் கட்டத்தில் அந்தப் பக்கம் பாரம் படாமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். எழுந்திருக்க முடியாதவர்களை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வது அதனால்தான். மூத்திர ஈரத்தில் ஊறிய தோல் இன்னும் சீக்கிரம் கிழியும். பவுடர் போட்டால் அது ஈரத்தில் கட்டியாகி உறுத்தும், அவ்வளவுதான் பலன். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பார்கள், அதுவும் வேண்டாம், வளையத்தின் விளிம்பே ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிக்கு எவ்வளவு பார்த்தாலும் சில சமயம் புண் வரும். எல்லாப் புண்ணும் குற்றம் இல்லை. ஆனால் புண்ணும் பேனும் நகத்தில் மலமும் ஒன்றாக இருந்தால் அதற்கு விளக்கமே தேவையில்லை.

உண்மை விளம்பி
பெற்ற தாயை ஹோமில் தள்ளிவிட்டு இப்போது அழுது என்ன பிரயோஜனம்? நம் முன்னோர்கள் காலத்தில் ஹோம் இருந்ததா?

வியாசர்பாடி 3வது மாடி
உண்மை சார், எங்கள் வீட்டுக்கு ஒருநாள் வாருங்கள். ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு ஹால், ஒரு சமையல் இடம், கக்கூஸ் கதவு வழியே வீல்சேர் போகாது. கீழே பம்பில் அடித்துத் தண்ணீர் தூக்கி வரணும். நானும் வேலைக்குப் போகிறேன், அவரும் போகிறார். எங்கள் நைனா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் படியில் தூக்கி ஏற்றினோம், அதற்கப்புறம் செக்கப்புக்கு இறக்கவே முடியவில்லை. வீட்டோடு ஆள் வைக்கலாம் என்று ஏஜென்சியில் கேட்டால் என் சம்பளத்தைவிட அதிகம் சொன்னார்கள், வருகிற அம்மா படுக்க இடமும் வேண்டும். முன்னோர்கள் காலத்தில் 76 வயது வரை எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் யோசியுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 தாண்டியவர்கள்.

ராத்திரி டியூட்டி
நான் ஹோமில் அட்டெண்டராக இருந்தவள், இப்போது வேறு வேலை. அந்தப் புண் எப்படி வந்தது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். நாங்கள் இருந்த இடத்தில் பகலில் மூன்று பேர், ராத்திரி ஒரே ஆள். ஒரு மாடி முழுக்க ஒரு ஆள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பணும் என்று சிஸ்டரம்மா சொல்கிறார், சரிதான், எழுந்திருக்க முடியாத 12 பேரைத் தனி ஆளாகத் திருப்பி, நனைந்த டயப்பரை மாற்றித் துடைத்து முடித்தால் மறுபடி முதல் ஆளிடம் வரும் நேரம் ஆகிவிடும். நடுவில் ஒருவர் கட்டிலில் இருந்து இறங்கி நடப்பார், ஒருவர் ராத்திரி பூராவும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். முதல் வாரம் எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்வோம். அப்புறம் உடம்பு கேட்காது.

அதனால் என்ன செய்வார்கள் தெரியுமா? சாயங்காலம் 6 மணிக்கே ரெண்டு இட்லி கொடுத்து முடித்துவிடுவார்கள். அதற்குமேல் தண்ணீர் கிடையாது. கொடுத்தால் மூத்திரம் போவார்கள் இல்லையா, அதுதான் கணக்கு. 8 மணிக்கு ஒரு டயப்பர், மறுபடி காலையில் 6 மணிக்கு. சில பேருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக ரெண்டு டயப்பர், உள்ளே இருப்பது நனைந்தால் உருவி எடுத்துவிட்டு மேலே இருப்பதை அப்படியே விட்டுவிடுவார்கள். வீட்டிலிருந்து வாங்கிக் கொடுக்கிற பாக்கெட் அவங்கவங்களுக்கே போகும் என்று நினைக்காதீர்கள். எல்லாம் ஒரே அலமாரிக்குப் போகும், வீட்டுக்காரங்க வராதவங்களுக்கும் அதிலிருந்துதான் எடுப்போம். அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

லாரித் தண்ணீர் வராத நாளில் குளியல் கிடையாது. வந்த நாளில் பிளாஸ்டிக் சேரில் வரிசையாக உட்கார வைத்து ஓஸ் பைப்பில் அடிப்போம், ஆம்பளை பொம்பளை மறைப்பு எல்லாம் பேச்சுக்குத்தான். ஒரு டீச்சரம்மா, ரிடையர் ஆனவங்க, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ரெண்டு கையாலும் மார்பை மூடி உட்கார்ந்திருப்பார்கள். ஓனர் வந்தால் நாற்றம் அடிக்கக் கூடாது, அதற்கு மட்டும் பினாயில் குறைவே இருக்காது.

சம்பளம் ஏஜென்சி வழியாக வரும், அவர்கள் பிடித்தது போகத்தான் நம் கையில். படுக்க இடம் மாடிப்படிக்குக் கீழே. எங்களை மட்டும் திட்டிவிட்டுப் போகாதீர்கள்.

காசிமேட்டுக்காரன்
அக்கா, தண்ணீர் கொடுக்காமல் இருப்பது எல்லாம்... படிக்கவே முடியவில்லை.

சிஸ்டரம்மா
ராத்திரி டியூட்டி தங்கை சொன்னதில் ஒரு வார்த்தை மிகை கிடையாது. தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டிப்பட்டு இன்ஃபெக்‌ஷன் வரும். வயதானவர்களுக்கு அப்போது ஜுரம்கூட வராமல், திடீரென்று மனம் குழம்பி, ஆளை மாற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். உடனே "பாட்டிக்கு மூளை பிசகிடுச்சு" என்று தூக்க மாத்திரை கொடுப்பார்கள். தூங்கினால் புரண்டு படுக்கவும் மாட்டார்கள், புண் இன்னும் ஆழமாகும். படுத்த வாக்கில் அவசரமாக ஊட்டுவதும் இப்படித்தான், சாப்பாடு மூச்சுக் குழாய்க்குள் போய் நிமோனியா வரும். கடைசியில் காகிதத்தில் "வயது மூப்பு" என்று எழுதி முடிப்பார்கள்.

இல்லம் நடத்துபவன்
நானும் ஒரு சின்ன இல்லம் நடத்துகிறேன், இந்தப் பக்கம்தான். படித்துக்கொண்டே இருந்தேன், பேசாமல் இருக்க முடியவில்லை. 14,000 ரூபாயில் என்ன கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? வாடகை, கரண்ட், சிலிண்டர், தண்ணீர் லாரி, மூன்று வேளை சாப்பாடு, ஆள் சம்பளம். முதியோர் இல்லம் என்றாலே வீடு கொடுக்க மாட்டார்கள், அக்கம்பக்கத்தில் "அடிக்கடி சாவு விழும்" என்று சண்டைக்கு வருவார்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் பணம் கட்டுவார்கள், அப்புறம் போன் சுவிட்ச் ஆஃப். அந்த அம்மாவை நான் ரோட்டில் விடட்டுமா? சில பேரை ராத்திரி ஆட்டோவில் கொண்டுவந்து கேட்டில் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் புண்ணோடு டிஸ்சார்ஜ் செய்து நேரே எங்களிடம் அனுப்புகிறார்கள். ராத்திரிக்கு ரெண்டு ஆள் போட்டால் எனக்கு மாதம் கையைக் கடிக்கும்.

கொருக்குப்பேட்டை மருமகள்
அண்ணே, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நாங்கள் ஒரு மாதம்கூடப் பணம் தவறவில்லை. கட்டிலை எண்ணித்தானே ஆளைச் சேர்க்கிறீர்கள், ஆள் போதாது என்றால் கட்டிலைக் குறைக்கலாமே. புண் வந்ததை மறைத்தது எந்தக் கணக்கில் சேரும்? ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்போம்.

இல்லம் நடத்துபவன்
மறைத்தது தப்புதான். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. எங்களிடம் சேரும் அன்றைக்கே வீட்டு ஆளை வைத்துக்கொண்டு உடம்பு முழுக்கப் பார்த்து, எங்கே என்ன காயம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். எல்லோரும் செய்யலாம், ஒரு பைசா செலவு இல்லை.

ராயபுரம் டு குவைத்
என் அம்மாவும் ஒரு ஹோமில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ காலில் பேசுவோம், பூ வைத்து, பொட்டு வைத்து, நன்றாகத்தான் இருக்கிறார். இதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. இங்கிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

ராத்திரி டியூட்டி
தம்பி, பூவும் பொட்டும் பத்து நிமிஷ வேலை. கழுத்துக்கு மேலே மட்டும் பார்க்காதீர்கள். புதன்கிழமை ராத்திரி 8 மணிக்குச் சொல்லாமல் கூப்பிடுங்கள், காலைக் காட்டச் சொல்லுங்கள், குதிகாலைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், நகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கை எட்டுகிற இடத்தில் தண்ணீர் டம்ளர் இருக்கிறதா என்று பாருங்கள், ஜன்னல் மேடையில் இருந்தால் அது அலங்காரத்துக்கு. சொந்தக்காரர் யாராவது இங்கே இருந்தால் சாயங்காலத்தில் அனுப்புங்கள். வந்து பார்க்கிற ஆள் இருக்கிறவங்களைத்தான் முதலில் துடைப்போம், அதுதான் நடக்கிற விஷயம்.

தண்டையார்பேட்டை ராணி
நான் என் ஆயாவுக்காக இடம் தேடியபோது ஒரு பெரியவர் சொன்னது: ஹாலைப் பார்க்காதே, பின்பக்கம் துணி காயும் கொடியைப் பார். படுத்த படுக்கையாக இத்தனை பேர் என்று சொல்லிவிட்டு கொடியில் ரெண்டு பெட்ஷீட் காய்ந்தால் மிச்சத்தை நீயே புரிந்துகொள் என்றார். அப்படிப் பார்த்தே ஒரு பளபளப்பான இடத்தை வேண்டாம் என்று விட்டோம், கீழே டைல்ஸ் எல்லாம் மின்னியது. கக்கூஸில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, தரை சொரசொரப்பா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, சொறி. கை விரல் இடுக்கைப் பாருங்கள். ஒருவருக்கு சிரங்குப் பூச்சி வந்தால் ஹால் முழுக்க வரும், வேலை செய்கிற பெண்கள் வழியாக அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போகும். அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து தடவினால் போகாது, அரிப்பு இல்லாதவர்கள் உட்பட எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பெர்மெத்ரின் தடவி, துணி, போர்வையை வெந்நீரில் போடணும். அதைச் செய்யாமல் "வெயில் காலம், வேர்க்குரு" என்று மாதக்கணக்கில் ஓட்டுவார்கள்.

வக்கீல் குமாஸ்தா
எங்கே போவது என்ற கேள்விக்கு வருவோம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. தமிழ்நாட்டு விதிகள் 2009-ல். முதியோர் இல்லங்கள் சமூக நலத் துறையின் கீழ் வருகின்றன. அதனால் முதல் மனு மாவட்ட சமூக நல அலுவலருக்கு. ராஜாஜி சாலையில் இருக்கிற கலெக்டர் ஆபீஸ், சிங்காரவேலர் மாளிகை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடமே கொடுத்து ரசீது வாங்குவது இன்னும் நல்லது. அந்த இல்லம் பதிவு பெற்றதா, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்று மனுவிலேயே கேளுங்கள், பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567, அங்கேயும் பதிவு செய்யுங்கள். முதல்வர் உதவி மைய எண் 1100. மனநோய் உள்ளவர்களையும் சேர்த்து வைத்திருந்தால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு வேண்டும், அதையும் கேளுங்கள். நீங்கள் பணம் கொடுத்துப் பெற்ற சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதற்கு மாதாமாதம் கட்டிய ரசீது வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருந்தாலும் சரி.

பக்கத்துக் கட்டில் அம்மாவைப் பற்றிச் சொன்னீர்களே. பராமரிக்க வேண்டியவர்களே ஒரு முதியவரைக் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போனால் அதே சட்டத்தின் 24-வது பிரிவில் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு போட்டால் மாதம் 10,000 வரை உத்தரவிட முடியும். அபராதத் தொகையைப் பார்த்தீர்களா, அரை மாத ஹோம் பீஸ்கூட இல்லை. சிரிப்புத்தான் வருகிறது.

எண்ணூர் காத்து
மனு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் எப்படி முடியும் என்று பார்த்தவன் நான். 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். 2018-ல் உத்திரமேரூர் பக்கம் பாலேஸ்வரத்தில், ஒரே வண்டியில் காய்கறியும் பிணமும் உயிரோடு இருந்த முதியவர்களும் போனதை ஊர்க்காரர்கள் மடக்கினார்கள். 2023-ல் விழுப்புரம் குண்டலப்புலியூர், அனுமதி இல்லாத இல்லம், நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் டிவியில் ஓடும், அதிகாரிகள் எல்லா இல்லத்துக்கும் படையெடுப்பார்கள், அங்கே இருந்தவர்களை வேனில் ஏற்றி வேறு இல்லங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள், அந்த வேறு இல்லம் எப்படி இருக்கிறது என்று யாரும் எழுத மாட்டார்கள். 2007 சட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 முதியவர்கள் தங்கும்படி அரசு இல்லம் அமைக்கலாம் என்றும் இருக்கிறது, ஆனால் கட்டாயம் ஆக்கவில்லை. நாளைக்கு உங்கள் புகாரால் அந்த ஹோமைப் பூட்டினால் முந்தானையைப் பிடித்துத் தண்ணீர் கேட்ட அம்மா எங்கே போவார்?

வக்கீல் குமாஸ்தா
நல்ல கேள்விதான் அண்ணே, ஆனால் அதற்காகப் புகாரே கொடுக்காமல் இருக்க முடியாது. மனுவில் "மூடுங்கள்" என்று எழுத வேண்டாம். "இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்று ஆய்வு செய்யவும், உள்ளே இருக்கும் எல்லோரையும் டாக்டர் வந்து பரிசோதிக்கவும், குறைகளைச் சரிசெய்யக் கெடு விதிக்கவும்" என்று எழுதுங்கள். ராத்திரி ஆய்வு என்று குறிப்பாகப் போடுங்கள். பகல் 11 மணிக்கு ஜீப்பில் வந்தால் பினாயில் வாசனைதான் வரும். குண்டலப்புலியூர் விவகாரமே ஒரு முதியவரைக் காணோம் என்று வேண்டியவர்கள் விடாமல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு வரை போனதால்தான் வெளியே வந்தது, அதிகாரிகளாகக் கண்டுபிடித்தது இல்லை.

உண்மை விளம்பி
எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தையே...

மட்டுறுத்துநர்
உண்மை விளம்பி, மேலே வியாசர்பாடி அக்கா கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டுத் தொடருங்கள்.

வியாசர்பாடி 3வது மாடி
மருமகள் அக்காவுக்கு ஒரு தகவல். மாமியாரை வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக இருந்தால் உங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" கேளுங்கள், 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி நிவாரணச் சிகிச்சையும் தருவதும் அதில் உண்டு. எங்கள் நைனாவுக்கு வந்தார்கள், படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே. அடிக்கடி வரவில்லை என்று ஒரு குறை உண்டு, ஆனால் வந்த பெண் திருப்பிப் படுக்க வைக்கும் முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள், பெட்ஷீட்டை நீளவாக்கில் மடித்து அடியில் போட்டு இழுப்பது, அதில் தனி ஆளாகவே திருப்ப முடிகிறது. கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் மருத்துவமனை 200 படுக்கையோடு நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் இங்கிருந்து படுத்த படுக்கையாக இருக்கும் ஆளை அவ்வளவு தூரம் கொண்டு போவதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

கொருக்குப்பேட்டை மருமகள்
எல்லோருக்கும் நன்றி. சிங்காரவேலர் மாளிகையில் மனு கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன், போட்டோ, கேஸ் ஷீட் நகல் எல்லாம் வைத்து. குமாஸ்தா அண்ணன் சொன்னபடி ராத்திரி ஆய்வு என்று எழுதினேன், சீட்டில் இருந்தவர் படித்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். 14567-லும் பதிவு செய்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் மனுவை டைப் அடிக்க அவரேதான் கூட வந்தார். பக்கத்துக் கட்டில் அம்மா வீட்டார் நம்பர் கிடைக்குமா என்று ஹோமில் வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கிறேன், பயப்படுகிறாள்.

டாக்டர் அடுத்த வாரம் டிஸ்சார்ஜ் என்கிறார், ஏர் பெட் கட்டாயம் வேண்டுமாம். புதிதாக வாங்க இப்போது கையில் இல்லை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை ராணி
ஆயாவுக்கு வாங்கியது பரணில் இருக்கிறது. மோட்டார் நன்றாக ஓடும், ட்யூபில் ஒரு இடத்தில் காற்று இறங்குகிறது, மாற்றணும். ராத்திரி மோட்டார் சத்தம் கொஞ்சம் வரும், பழகிவிடும். தனிச்செய்தியில் நம்பர் அனுப்புங்கள்.

சிஸ்டரம்மா
ஏர் பெட் போட்டாலும் திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்தக் கூடாது மருமகளே. மெத்தைமேல் தடிமனான போர்வை போடாதீர்கள், ஒரு மெல்லிய காட்டன் விரிப்பு போதும்.